குழியில் இறக்கிவிட்ட பெண்

வாலாஜாபாத் பேருந்தில் முன் இருக்கைப் பெண், "எம்பொண்ணக் குழியில இறக்கி வுட்டுட்டு வந்தேன் அண்ணி" என்றதும் கொலை என்றே நம்பிவிட்டேன். போலீசைக் கூப்பிட, போன் என்று நினைத்துக் மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் காதில் வைத்துக்கொண்டேன். நெசவாளர்கள் நிறைந்த காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்த எனக்கு, நெய்பவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழி ஞாபகம் வரவில்லை.

பக்கத்தில் இருந்த அண்ணி கேட்டாள்: "இன்னும் அந்தத் தறிக்குழியிலதான் ஒக்காந்துக்கினு இருக்கறாளா?"

"ஆட்டிசம் புள்ளைங்களுக்குச் சத்தம் தாங்காது அண்ணி. தறி ஓடாத குழிதான, அதுல இருந்தா அழமாட்டா."

"அப்ப என் மவ நிச்சயத்துக்கு நீ மட்டும் வாம்மா. ஒம்பொண்ணு மேளத்துக்குக் கத்துவா. சம்பந்தி வீட்ல பைத்தியம்பாங்க."

"ஒரு வாரமா புதுப் பாவாடைய மடிச்சு மடிச்சு வெக்கிறா. கொஞ்ச நேரம் மேளத்த நிறுத்தச் சொன்னா போதும்."

"அவளுக்காவ மேளத்த நிறுத்துவாங்களா?"

அந்தப் பெண் அண்ணி தந்திருந்த நிச்சயப் பத்திரிகையை அவள் மடியிலேயே வைத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனாள்.