மாட்டுப்பட்டிக்குப் பூப்போட்ட திரைச்சீலை

2024.06.18, முற்பகல் 10.20.

பெயர்: வீரசிங்கம் பாக்கியலெட்சுமி. வயது: 53. தொழில்: கொழுந்து பறித்தல். விலாசம்: தெமோதரைத் தேயிலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, 4ஆம் இலக்க லயம், 7ஆம் காம்பரா.

என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். தோட்ட நிர்வாகத்தின் முறைப்பாட்டின் பேரில் என் கணவர் வீரசிங்கம் நேற்று இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, அனுமதி இல்லாத அறையைத் தான் ஒருவரே கட்டியதாகவும், எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அது பச்சைப் பொய்.

லயத்து வரிசையில் எங்களுக்குள்ள ஒற்றை அறைக் காம்பராவில் நாங்கள் இருவர், மகன் ரஜீவ், மருமகள் நிஷாந்தினி, கைக்குழந்தை என ஐந்து பேர். நடுவில் என் பழைய சேலைதான் சுவர். மலையிலிருந்து நனைந்து வந்து நான் உடுப்பு மாற்றுவதென்றால் ஆண்கள் மழையில் வெளியே நிற்க வேண்டும். வீட்டில் ஆட்கள் மாறினார்களே தவிர, முப்பத்தொரு வருடமாக இதே கதைதான். சென்ற வருடம் என் கணவர், பின்னால் மரக்கறி போடும் நிலத்துண்டில் பத்துக்கு எட்டு அடியில் ஓர் அறை போடலாம் என்றார். அறை கட்ட நிர்வாகம் விடாது, மாட்டுப்பட்டிக்கு விடும். ஆகவே மாட்டுப்பட்டி என்று கடிதம் எழுதச் சொன்னது நான்தான். அந்த மனிதருக்கு அவ்வளவு மூளை கிடையாது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அத்திவாரம் வெட்டினோம். மணலை நான் சுமந்தேன், கல்லை அவர் கட்டினார். அதன்பிறகு தகரம் போட்டு, தரைக்குச் சிவப்புச் சீமெந்து பூசி, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு மாட்டினோம். முதல் நாள் வேலை விட்டு வந்து கதவைத் தாழிட்டு உடுப்பு மாற்றினேன். அதன்பிறகும் வெளியே வரவில்லை. கணவர் கதவைத் தட்டி, "உள்ள என்னடி பண்ற?" என்றார். "ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கேன், போங்க" என்றேன். அவர் போய்த் தேத்தண்ணீர் ஊற்றி வந்து வாசலில் வைத்தார். அப்படியொரு சந்தோசத்தை நான் முன்பு கண்டதில்லை.

அதன்பிறகு வெளிக்கள உத்தியோகத்தர் தினேஸ் பட்டியைப் பார்க்க வருவதாகக் கேள்விப்பட்டு, பக்கத்து லயத்துப் பெரியாயியின் மாட்டை இரவல் வாங்கினோம். வழவழப்பான தரையில் கால் வைக்க மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. இருவரும் பின்னால் நின்று தள்ளினோம். அந்த அவசரத்தில் ஜன்னல் திரைச்சீலையைக் கழற்ற மறந்தது என் பிழை. தினேஸ் வந்தபோது அதில் பாதி மாட்டின் வாயில் இருந்தது. "மாட்டுக்கு எதுக்குங்க திரைச்சீல?" என்று கேட்டார். என் கணவர், "இது கொஞ்சம் வெக்கப்படுற மாடுங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதனால்தான் பிடிபட்டோம்.

வழக்குப் போடுவதென்றால் இருவர் மேலும் போட வேண்டும். அறையை மட்டும் இடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒப்பமிடும் முன் விலாசத்தில் ஒரு திருத்தம் கேட்டேன். "7ஆம் காம்பரா" என்பதை வெட்டி, "7ஆம் காம்பராவுக்குப் பின்னாலுள்ள அறை" என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சார்ஜன்ட் சொன்னார். "ஆகட்டுங்க. நான் அங்கதான இருக்கேன்" என்றேன்.

திருத்தப்பட்டது. திருத்தத்தின் அருகிலும் கீழேயும் என் ஒப்பம்.

வீ. பாக்கியலெட்சுமி