கடைசியாச் சேந்தவங்க

இல்ல இல்ல, பெட்டி வண்டியிலயே இருக்கட்டும் டீச்சர். இங்க யாரும் தொட மாட்டாங்க. மணிலாவுலேருந்து மூணு ஃபிளைட் மாறி வந்திருக்கீங்க, மொகமே வாடிக் கெடக்கு. மொதல்ல சாப்பிடுங்க. இந்தக் கடையில ஹக்கிள்பெரிப் பழம் வச்சுச் சுடுற பை பலகாரம் பேரு போனது, ஒரு வாய் தின்னு பாருங்க. மலையில தானா வெளையுற பழம். இதுக்காக வருசா வருசம் கரடிக்கும் எங்களுக்கும் சண்டை.

ஊரா? இன்னும் ஒரு மணி நேரம் போகணும். போலாம், என்ன அவசரம்.

என்னை அடையாளம் தெரியுதா? அன்னிக்கு கம்ப்யூட்டர்ல இன்டர்வியூ நடந்தப்ப ஓரத்துல பாதித் தலை தெரிஞ்சுதே, அது நான்தான். வெர்னா. ஸ்கூல் கிளார்க்கு.

இந்த வேலைக்கு ஆள் தேடி நாங்க பட்ட பாடு இருக்கே! பனி உருகுறதுக்கு முன்னாடியே விளம்பரம் போட்டோம், மூணாங்கிளாசுக்கு டீச்சர் வேணும்னு. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. இங்க அமெரிக்காவுலயே, ஐடஹோ மாநிலத்துலேருந்து ஒரு பையன் வந்தான். கையெழுத்தெல்லாம் போட்டான். ஊரைச் சுத்திட்டு, வாடகைக்கு ஒரு வீடுகூட இல்லியேன்னான். அடுத்த வாரமே வேற டவுன்ல சேந்துட்டான். இன்னொரு அம்மா போன்லயே கேட்டாங்க, அங்க காபிக்கடை இருக்கான்னு. என் அடுப்படியில இருக்குன்னேன். டக்குனு வச்சுட்டாங்க.

சிரிங்க, நல்லாச் சிரிங்க.

கார்வின் சாரா, எங்க பிரின்சிபாலு? அன்னிக்கு மெஷின் கணக்காப் பேசுனாருன்னு நெனச்சிருப்பீங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வி, அதே வரிசை, மேல ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. விதி அப்படி. வாயே தொறக்காத பிள்ளைய என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு. பக்கத்துல உக்காந்து என் வேலைய நான் பாப்பேன், அதுவா எட்டிப் பாக்கும்னீங்க. மனுசன் பேனாவக் கீழ வச்சுட்டாரு. நீங்க ஸ்கிரீன்லேருந்து போனதும், இவங்கதான், வேற யாரும் வேணாம்னாரு.

பர்சுல இருக்கிற போட்டோவுல யாரு இது, உங்க பொண்ணா? கண்ணு அப்படியே உங்களுது. ஆறு வயசா... பாட்டிகிட்டயா இருக்கா? அழுதாளா?

அங்க கவர்மென்ட் வேலையில இருந்தீங்கல்ல, லீவு போட்டுட்டுத்தானே வந்தீங்க? ஓ. ராஜினாமாவே பண்ணிட்டீங்களா.

இல்ல, ஒண்ணுமில்ல. காபி ஆறுது, குடிங்க.

போன்ல சார்ஜ் இல்லியா? இங்க போடுறதுக்கு... இருக்கு, இருக்கு. அப்புறமாப் போட்டுக்கலாம்.

டீச்சர், போன மாசம் எங்க மர மில்ல மூடிட்டாங்க. ஊர்ல பாதிப் பேருக்கு அதுதான் சோறு. கட்டிலு, மேசை எல்லாம் டிரக்குல ஏத்திக்கிட்டு குடும்பம் குடும்பமாப் போறாங்க. கவர்மென்ட்டு பிள்ளைங்க தலைய எண்ணித்தான் ஸ்கூலுக்குப் பணம் தருது. பிள்ளை கொறஞ்சா வாத்தியாரும் கொறையணும். நேத்து சாயங்காலம் ஸ்கூல நடத்துற போர்டு அவசரமாக் கூடுச்சு. மூணாங்கிளாசையும் நாலாங்கிளாசையும் ஒண்ணாக்கிட்டாங்க. யார நிறுத்துறதுன்னு பேச்சே வரல. கடைசியாச் சேந்தவங்க மொதல்ல போகணும், அதுதான் இங்க சட்டம். கார்வின் எந்திரிச்சு, அவங்க இப்போ கடலுக்கு மேல பறந்துக்கிட்டிருக்காங்கய்யான்னு கத்துனாரு. போர்டுல ரெண்டு பேரு அழுதாங்க. அழுதுக்கிட்டேதான் கையத் தூக்குனாங்க.

ஆமா. உங்களத்தான் சொல்றேன்.

உங்க நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தாரு. கடைசியில, வெர்னா, நீயே போய்க் கூட்டிட்டு வா, எனக்கு அந்தப் பிள்ளை மொகத்துல முழிக்கத் தெம்பு இல்லன்னுட்டாரு. எனக்கு மட்டும் இருக்கா?

எந்திரிக்காதீங்கம்மா. விசாவும் இந்த வேலையோட ஒட்டுனதாம். வேற ஸ்கூல் எதுவும் எடுத்துக்குமான்னு காலையிலேருந்து அவரு ஊரெல்லாம் போன் அடிச்சிட்டிருக்காரு. கெடைக்கும்னு என்னால பொய் சொல்ல முடியாது. என் வீட்டு மாடியில உங்களுக்குப் படுக்கை விரிச்சு வச்சிருக்கேன், அத எந்தப் போர்டும் ஓட்டுப் போட்டுத் தூக்க முடியாது. என் கையில இருக்கிறது அவ்வளவுதான்.

வெளிய போய் இடது பக்கம் திரும்புனா எங்க ஊரு. வலது பக்கம் திரும்புனா ஏர்போர்ட்டு. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல டீச்சர். நீங்களே சொல்லுங்க.