சின்னப்பாப்பா இறந்த தேதி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார், ஆனாலும் பரவாயில்லை. நேற்று மதியத்திலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை.

என் பெயர் கலியபெருமாள். முத்தியால்பேட்டை. மில் ஓடின காலத்தில் துணியை அளந்து முத்திரை போடுகிற வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒரு அங்குலம் கூட்டிச் சொன்னதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னைப் பொய்யன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

மில்லை மூடிய பிறகு, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சுக்கார வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. வீட்டுக்கார முசே பிரான்சில் இருக்கிறார், சாவி என்னிடம். முற்றத்தில் பெரிய கிணறு. அதை வைத்து, சனி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சுற்றுலாக்காரர்களுக்குப் பேய்க்கதை சொல்ல ஆரம்பித்தேன். கிணற்றில் ஒரு பெண் விழுந்து செத்தாள், தினமும் ஐந்து மணிக்கு வருகிறாள். அவ்வளவுதான் கதை. எந்த ஊரில்தான் இப்படி ஒரு கிணறு இல்லை?

போன மாசியில் இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நார்ஃபோக் மாவட்டமாம். அங்கே பேய்கள் எல்லாம் ஒரு ஒழுங்கோடு இருக்கின்றன சார். கடலோரப் பாதையில் வருகிற கறுப்பு நாய்க்குக்கூடப் பெயர் உண்டு. தலையில்லாத ஒரு சீமாட்டி வருஷத்தில் ஒரே நாள் கோச்சு வண்டியில் வருவாளாம், தேதி தவற மாட்டாளாம். அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உங்கள் பேயின் பெயர் என்ன என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் யாரோ, "சின்னப்பாப்பா, சங்கரா இருக்குதா?" என்று மீன் கேட்டுக் கூவினார்கள். சின்னப்பாப்பா என்று சொல்லிவிட்டேன். எந்தத் தேதியில் இறந்தாள் என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

சின்னப்பாப்பா அக்கா குருசுக்குப்பத்துக்காரர். அலுமினியத் தட்டில் மீன் வைத்து அந்தத் தெருவில் விற்பார். பேய்க்கு ஒரு படம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று, அவரிடமே கேட்டுப் போனில் ஒரு படம் எடுத்தேன். பெரிதாகச் சட்டம் போட்டு, கண்ணாடியில் குங்குமம் வைத்து, சந்தன மாலை மாட்டி, கிணற்றடிச் சுவரில் தொங்கவிட்டேன். மாலை போட்டால்தான் நம் ஜனம் செத்தவர் என்று ஒத்துக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை, நான் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா தட்டோடு உள்ளே வந்துவிட்டார். உயிரோடு இருக்கிறவளுக்கு மாலையா என்று சண்டை பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

"மால போட்டது இருக்கட்டும் தம்பி. கெணத்துல உழுந்து செத்தேன்னு சொல்றியாமே. குருசுக்குப்பத்துக்காரி தண்ணில செத்தான்னா எங்க ஜனம் சிரிக்காது? கடல்லயே நீஞ்சனவ நானு. பாம்பு கடிச்சிச்சின்னு சொல்லேன்."

கூட்டம் சிரித்தது. அதற்கப்புறம் வாராவாரம் வந்து பின்னால் நின்றுகொண்டு, "எனக்கு நீச்சல் தெரியும்" என்பார். வந்தவர்கள் பேயோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். 'நல்ல காமெடி' என்று ஒருவர் இணையத்தில் எழுதிவிட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது சார்.

யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? பெயர் சரி, கிணறு சரி, படம் சரி. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அப்படியே விட்டுவிட்டால்தான் அது பொய்யாகும்.

ஆடி மூன்றாம் வெள்ளி, மதியம் இரண்டு மணி. தெருவே சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரம். "கதைய மாத்திடலாம்கா, எப்படிச் சொல்றதுன்னு வந்து சொல்லுங்க" என்று கூப்பிட்டேன். தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் வந்தார். "ஆழம் எவ்ளோ தம்பி?" என்று எட்டிப் பார்த்தார். காலைத் தூக்கிவிட்டது நான்தான். இதை எந்தக் கோர்ட்டிலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அவர் சொன்னது உண்மை சார். நன்றாகவே நீந்தினார். இரும்பு மூடியை இழுத்துப் போட்ட பிறகும் முக்கால் மணி நேரம் சத்தம் கேட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். தட்டில் நாலு சங்கரா மீதி. ஆடி வெள்ளியில் நான் கவிச்சி தொடுவதில்லை, பூனைக்குப் போட்டேன். சாயங்காலம் நார்ஃபோக் அம்மாளுக்குத் தேதியை மெயிலில் அனுப்பினேன். மிக்க நன்றி என்று பூப்படத்தோடு பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் பூவிழி வந்தாள். உப்பளம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு நாளாக அம்மாவைத் தேடி அலைந்திருக்கிறாள். அக்கா பேய் வீட்டில் அடிக்கடி நிற்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தோடு நின்று கேட்டாள். எல்லோருக்கும் சொல்வது போலவே அவளுக்கும் சொன்னேன்: பெயர், ஊர், ஆடி மூன்றாம் வெள்ளி, மதியம் இரண்டு மணி, முக்கால் மணி நேர நீச்சல். ஆளைப் பார்த்துக் கதையை மாற்றினால் அப்புறம் என்ன மரியாதை?

அவள் மாலையைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் கதைக்கு அழுத முதல் ஆள் அவள்தான் சார்.

கூட்டத்தில் ஒருவர் உங்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். ஓடுவதற்கு நேரம் இருந்தது, ஓடவில்லை. பூவிழி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு மணிக்கு வரும்னு சொன்னியே, எங்கம்மா வருமா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அந்தக் கிணற்றடியில் நின்று பார்த்தவன் நான். அக்கா வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இனி வர மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும், "வருவாங்கம்மா" என்று வாயில் வந்துவிட்டது.

அது பொய் சார். நான் சொன்ன ஒரே பொய். அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?