கூரைச் சேவலும் என் கட்டைவிரல்களும்

இந்த வாக்குமூலத்தில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். என்னுடைய இரண்டு கட்டைவிரல்களின் மீது சத்தியம் செய்து தருகிறேன். அவற்றைவிட நம்பகமான சொத்து என்னிடம் கிடையாது.

காப்பியில் சர்க்கரை சரியாக இருக்கிறதா சார்? இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். என் மகள் கோபமாக இருந்தால் சர்க்கரையைக் குறைத்துவிடுவாள். இந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கசப்புக் காப்பிதான்.

நீங்கள் வீடியோ கேம் கம்பெனியின் அதிகாரி. என் மாப்பிள்ளையோ புதிதாக வரும் ஆட்டங்களை எல்லோருக்கும் முன்னால் வாங்கி விளையாடிப் பார்த்து, நல்லது கெட்டதைத் தன் சேனலில் சொல்பவர். இந்த வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. அவர் உங்கள் புது ஆட்டம் என்று சொல்லி வேறு எதையோ ஊருக்குக் காட்டிவிட்டார், இனி எந்தக் கம்பெனியும் அவருக்கு ஆட்டம் அனுப்பாதபடி செய்துவிடுவோம் என்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். செய்தது நான். அவர் அப்பாவி. எவ்வளவு பெரிய அப்பாவி என்பது போகப்போகத் தெரியும்.

நான் டிவி மெக்கானிக். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, கை ஓய்வு பெறவில்லை. ஒரு ஒயர் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். கடை வைத்திருந்த காலத்தில் யாரோ ஒருவர் ஒரு வீடியோ கேம் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை. பெட்டியோடு வந்த ஒரே ஆட்டம் 'கூரைச் சேவல்'. ஒரு சேவல் வீட்டுக் கூரைகள்மேல் ஓடும். பின்னால் நரி துரத்தும். நடுநடுவே பாலங்கள் வரும். அவ்வளவுதான் கதை. இந்த ஒரு வரிக் கதையை வைத்துக்கொண்டு நான் எத்தனை பேருடைய டிவியைத் தாமதமாகக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கும் அவர்களுக்கும்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் நான் சுமாராகத்தான் ஆடுவேன். உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்திருப்பதால் சொல்கிறேன், இரண்டாவது கூரையைத் தாண்டியதில்லை. சேவல் சாக்கடையில் விழும், நரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அப்புறம் குடும்பம், குழந்தை, கடை வாடகை. பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பரணில் போட்டேன்.

ஓய்வுக்குப் பிறகு அதைக் கீழே இறக்கினேன். இறக்காதே என்றார் என் நண்பரான பல் டாக்டர். அவர் தமக்குப் பிடித்த பழைய பீரங்கி ஆட்டத்தைத் தேடிப்பிடித்து விளையாடிப் பார்த்தவர். நினைவில் மலைபோல நின்ற பீரங்கி, திரையில் பிஸ்கட் அளவுதான் இருந்ததாம். அந்த வாரம் அவரிடம் போனவர்களுக்கெல்லாம் நல்ல பல்லையும் பிடுங்கிவிட்டார். அதனால் நானும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன்.

ஆனால் நடந்தது வேறு. இரண்டாவது கூரையைத் தாண்டினேன். முதல் பாலம், இரண்டாவது பாலம், மூன்றாவது பாலம். நரி எங்கேயோ பின்னால் மூச்சு வாங்குகிறது. காற்றாலைக்குப் பக்கத்தில்தான் விழுந்தேன். மறுநாளும் அதே காற்றாலை, அதே இறக்கை. இன்றுவரை ஒருநாளும் அதற்கு முன்னால் விழுந்ததில்லை, பின்னால் விழுந்ததும் இல்லை. இப்படிச் சீராக ஆட ஒரு நிதானம் வேண்டும். அது வயதில்தான் வருகிறது. ஒருமுறை ஆடும்போதே தும்மிவிட்டேன். தும்மி முடிப்பதற்குள் சேவல் இரண்டு கூரை தாண்டியிருந்தது. கைப்பழக்கம் என்றால் அது.

பெட்டிக்கும் வயதாகிவிட்டது, குறை சொல்லக் கூடாது. பொத்தானை அழுத்தினால் உடனே கிளம்பாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தானே கிளம்பும். ஸ்கோர் இருக்கும் இடத்தில் பூஜ்யமே நிற்கும். கணக்கு மறந்துபோகிறது, நமக்கே மறக்கவில்லையா? திரையின் அடியில் இரண்டு இங்கிலீஷ் சொல் மினுங்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடி போட்டாலும் எனக்குப் பிடிபடாது. ஏதாவது பாராட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன்.

அதே கூரைச் சேவலைப் புதிதாகச் செய்து வெளியிடப்போகிறோம் என்று அறிவித்தீர்கள். பிறகு இரண்டு வருஷமாக ஒரே ஒரு இறகை மட்டும் காட்டினீர்கள். அது காற்றில் ஆடி ஆடி விழும், திரை இருட்டாகிவிடும். மாப்பிள்ளை அந்த இறகை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அது வெள்ளையா சாம்பலா என்று ஒரு முழுநீள நிகழ்ச்சியே செய்தார். அதைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

"மாமா, இது வேற லெவல்," என்றார்.

"எத்தனாவது லெவல் மாப்பிள்ளை?"

"ஒவ்வொரு இறகும் தனித்தனியா அசையுமாம்."

"பறக்குற கார் கேம் வந்தப்பவும் இப்படித்தான் குதிச்சீங்க. பறந்துச்சா?"

"அடுத்த அப்டேட்ல பறக்கும் மாமா."

"இப்போ?"

"இப்போதைக்கு உருளுது."

நான் பில்டப்புக்கு மயங்காத ஆள் சார். என் கண்ணால் பார்த்து, என் கையால் அழுத்திப் பார்த்தாலொழிய எதையும் நம்ப மாட்டேன். மாப்பிள்ளை அப்படியில்லை. டப்பாவைப் பிரிக்கும்போதே பாராட்ட ஆரம்பித்துவிடுவார். இந்தப் பழக்கம் அவரை என்றைக்காவது கவிழ்க்கும் என்று எனக்குக் கவலை. ஒரு பெரியவனாக, அவருக்கு இதை எடுத்துக்காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நோக்கம். அப்படித்தான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

என் மகள் சொன்ன ஒரு வார்த்தையும் காரணமாக இருக்கலாம். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. ஒரு வீட்டுல எதுக்கு ரெண்டு சேவல்? புதுசு வந்ததும் அந்தப் பழைய டப்பாவை இரும்புக் கடைக்குப் போட்டுடலாம். உங்க ரூம்ல கால் வைக்க இடமில்ல."

"சரிம்மா," என்றேன். நான் மறுத்துப் பேசுகிறவன் இல்லை.

உங்கள் ஆட்டம் தபாலில் வந்தது. மறுநாள் காலையில் மாப்பிள்ளை கூடத்தில் கேமராவை நிறுத்தினார். கேமராவுக்குத் தெரிகிற பாதிக்கு இஸ்திரி போட்ட சட்டை, தெரியாத பாதிக்கு லுங்கி. குளிக்கப் போனார். அவர் குளித்துவிட்டு வர ஒரு படமே பார்த்து முடிக்கலாம். எனக்கு அதில் கால்வாசி போதுமாக இருந்தது.

கூடத்து டிவிக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். கேபிளுக்காக நானே போட்ட ஓட்டை அதில் இருக்கிறது. உங்கள் ஆட்டம் போட்டிருந்த மாப்பிள்ளையின் மெஷினை டிவியிலிருந்து கழற்றினேன். அதன் விளக்கு மட்டும் எரியட்டும் என்று விட்டேன். என் பெட்டியின் ஒயரை ஓட்டை வழியாகக் கொண்டுவந்து சொருகினேன். ஒரே படம் கூடத்திலும் என் அறையிலும் தெரியும்படி செய்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியின் பொத்தான்கள் இருக்கும் கைப்பிடியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். திரை அடியில் மினுங்குகிற அந்தப் பாராட்டை மாப்பிள்ளையின் நீளமான ஸ்பீக்கர் மறைத்துக்கொண்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

ஆமாம் சார். அவர் கையில் இருந்த கைப்பிடி எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. ஆடியது நான். தான் ஆடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் கூரையிலேயே நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். வெளியே வந்து, "பாத்தீங்களா மாப்பிள்ளை, பில்டப்பு எப்படிக் கண்ணைக் கட்டுதுன்னு," என்று சொல்லிவிட்டு, சேர்ந்து சிரித்துவிட்டு, சாப்பிடப் போயிருப்போம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நண்பர்களே, முதல் அதிர்ச்சி. இறகே இல்ல. எங்க மாமாவோட பழைய கேம் மாதிரியே கட்டம் கட்டமா விட்டிருக்காங்க. என்ன ஒரு தைரியம் பாருங்க."

நான் முதல் பாலத்தைத் தாண்டினேன்.

"கண்ட்ரோல்ஸ் பத்திச் சொல்லணும். நான் அழுத்துறதுக்கு முன்னாடியே தாவுது. நான் நினைக்கிறதை இது முன்கூட்டியே புரிஞ்சுக்குது. இப்படி ஒண்ணை என் வாழ்க்கையில பார்த்ததில்ல."

இரண்டாவது பாலம்.

"அந்தத் தாவலைப் பாருங்களேன். எவ்வளவு அழகு. யாரோ பெரிய கலைஞன் கை பட்ட மாதிரி இருக்கு."

இந்த வீட்டில் என்னைப் பற்றி அப்படி யாரும் பேசியதில்லை சார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பார்க்கிற படத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகவே நின்றவன் நான். டிவி தெரிந்தால் டிவியைப் பாராட்டுவார்கள், மெக்கானிக்கை யாரும் பாராட்ட மாட்டார்கள். அன்று என் சொந்த மாப்பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என் கையைக் கலைஞன் கை என்கிறார். நான் நிறுத்தவில்லை. காற்றாலை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அவர், "ஒருதடவைகூட கஷ்டமா இல்ல, ஆனா தோத்ததும் மனசு நிறைஞ்சிருக்கு," என்று கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். மறுபடி கிளம்பியது. மறுபடியும் ஆடினேன். அவர் மறுபடியும் பாராட்டினார். சாயங்காலம் வரை இருவருமே சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த வீடியோவை ஊரே பார்த்தது. எங்கள் தெரு முடிதிருத்தகத்தில் எல்லோருக்கும் சேவல் கொண்டை வைத்து வெட்டினார்கள். ஷேவிங்குக்குப் போன வழுக்கைத் தலை வக்கீல்கூட ஒரு கொண்டையோடுதான் வெளியே வந்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை. உங்கள் ஆட்டம் விற்பனைக்கு வந்த அன்று கடை வாசலில் நின்ற வரிசை தெருவைச் சுற்றி வந்து, தன் வாலிலேயே முட்டிக்கொண்டதாம். கடைசியில் நின்றவர் தனக்கு முன்னால் நிற்பது யார் என்று தெரியாமல் கடைக்குள்ளேயே போய்விட்டாராம்.

வாங்கிப் போனவர்கள் போட்டுப் பார்த்தார்கள். இறகுகள் தனித்தனியாக அசைந்தன, அதை நான் மறுக்கவில்லை. எல்லா இறகும் அசைந்து முடித்த பிறகுதான் சேவல் ஒரு அடி வைக்கிறது. நரியே பொறுமை இழந்து உட்கார்ந்துகொள்கிறது. எல்லோரும் திருப்பிக் கொண்டுவந்து, "வீடியோவுல ஆடின சேவலைக் குடு," என்று கேட்டார்கள். அப்படி ஒரு சேவல் உங்களிடம் கிடையாது.

மாப்பிள்ளையும் கடையில் ஒன்று வாங்கி வந்து பார்த்தார். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து பால்கனியில்தான் உட்கார்ந்திருக்கிறார். சேனலில் அவரைத் திருடன் என்கிறார்கள். நேற்று நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "மாமா, நான் உண்மையாவே நல்லா ஆடினேன் மாமா," என்றார். ஆடினது நான் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்களிடம் சொல்ல வந்தது. நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவதை, இப்போது பால்கனியிலிருந்து வந்து கதவோரம் நின்று அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கேட்கட்டும்.

ஆகவே, பாடம் புகட்டச் செய்தேன் என்பது பொய். பெட்டியைக் காப்பாற்றச் செய்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. என் ஆட்டத்தை ஒருவர் பாராட்டிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் கை வைத்தேன், ஊரை ஏமாற்றினேன், உங்கள் கம்பெனியைக் கவிழ்த்தேன். இது முழுவதும் என் இரண்டு கட்டைவிரல்களின் வேலை. மாப்பிள்ளைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவருக்குத் தொடர்ந்து ஆட்டம் அனுப்புங்கள்.

நிரூபித்துக் காட்டச் சொன்னீர்கள். பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, நீங்கள் கூட்டிவந்திருக்கும் மெக்கானிக்கின் முன்னால் மாட்டியாயிற்று. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் என் கைப்பிடியைக் கேட்டு வாங்கினார். திறந்தார். ஸ்பீக்கரை நகர்த்தி, திரை அடியில் மினுங்குவதை 'பிரஸ் ஸ்டார்ட்' என்று படித்துவிட்டு, உங்கள் காதில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரிக்கிறார். என் மகளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்கிறாள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறீர்கள். சேர்க்கிறேன்.

கைப்பிடி உள்ளே ஒயர் அறுந்து துருப்பிடித்து மேஜைமேல் இரண்டு பாதியாகக் கிடக்கிறது, திரையில் சேவல் மூன்றாவது பாலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.