வீங்கிய பாதமும் நொச்சித் தழையும்

கூண்டுகளின் காவலரே! கீரப்பாளையத்தில் கிழக்கு வெளுக்குமுன் மிதிவண்டி ஏறி, யாரும் கேளாமலே எங்கள் ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்துவைத்த கடமைக் கதிரே, சாமிக்கண்ணு ஐயா!

இன்று ஓய்வுபெறும் தங்கள் முப்பத்திரண்டு ஆண்டுப் பணியை முழுதும் போற்ற மூச்சுப் போதாது. ஒரு நிகழ்ச்சியை மட்டும் போற்றுகிறோம். தங்கள் கதையைத் தங்களிடமே சொன்னால் குறுக்கிட்டுத் திருத்துவீர்கள். ஆகவே அவையோருக்குச் சொல்கிறோம். தாங்கள் பேசாமல் கேட்டிருங்கள்.

2008ஆம் ஆண்டு. கடலூரிலிருந்து ரயிலில் வந்துபோன ஆய்வு மாணவி மாலதி, நொச்சி இலை வீக்கத்தை வற்றவைக்குமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்கவைப்பார். பாதி எலிகளுக்கு இலைச்சாறு, மீதிக்கு வெறும் தண்ணீர். சாறு குடித்தவற்றுக்கு வீக்கம் வற்றியது. தண்ணீர் குடித்தவற்றுக்கும் வற்றியது. அளவுக் கருவியை மாற்றினார்கள், ஊசி மருந்தை மாற்றினார்கள், எலிகளையே மாற்றினார்கள். வெள்ளாற்றுத் தண்ணீரே மருந்தோ என்று பேராசிரியர் தலையைச் சொறிந்தார். கூண்டு கழுவும் சாமிக்கண்ணுவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு நாள் காலை, வெறும் தண்ணீர் குடித்துவந்த எலி ஒன்று எதையோ மென்றுகொண்டிருந்தது. நொச்சித் தழை. கொசு அண்டாமலிருக்க அவரே போட்டது. சொன்னால் மாலதியின் எட்டு மாத உழைப்பு வீண், தம் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலதியிடம் போய் நின்றார்.

“கொசு ஜாஸ்தியா இருக்குதேன்னு நான்தாம்மா எல்லாக் கூண்டுலயும் நொச்சித் தழை போட்டுக்கினு இருந்தேன்.”

“எப்பலேருந்து?”

“மொதல்லேருந்தே.”

மாலதி அழுதார். பிறகு நோட்டை மூடினார். “தழைய எல்லாம் எடுத்துடுங்க. நாளையிலேருந்து திரும்பப் பண்ணலாம்” என்றார். தழையில்லாக் கூண்டில், தண்ணீர் எலிகளின் வீக்கம் அப்படியே இருந்தது. சாறு குடித்தவற்றுக்கு ஓரளவு வற்றியது. ஓராண்டு தாமதமாகப் பட்டம் பெற்ற மாலதிதான் இன்று எங்கள் விரிவுரையாளர். இம்மடலை வாசிப்பவரும் அவரே.

சென்ற மாதம் ஐயாவின் இரு முழங்கால்களும் வீங்கின. வலக்காலுக்கு மட்டும் நொச்சிப் பற்றுப் போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இடக்காலைச் சும்மா விட்டார். இரண்டுமே வற்றிவிட்டன. “எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்” என்று அன்றுமுதல் குழம்பிக் கிடக்கிறார்.

ஐயா, தப்பு தங்களுடையதன்று. தாங்கள் மதியம் கண்ணயரும்போதெல்லாம் இடக்காலுக்கும் பற்றுப் போட்டு, விழிக்குமுன் துடைத்தவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் துணைவியார் தங்கம்மாள். இன்று காலைதான் எங்களிடம் சொன்னார்: “அந்தக் கால் மட்டும் என்னாங்க பாவம் பண்ணிச்சி?”

இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம். இரு முழங்கால்களும் நலமாக, இருவரும் நூறாண்டு இணைந்து நடக்க வாழ்த்தும்,

மருந்தியல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்
சிதம்பரம், 31.5.2012