கோரலுக்கு ஒரு தட்டு

"என் மக பேரைச் சொல்லி நெருப்புல சோறு வச்சீன்னா, அந்தத் தட்டாலயே உன் மண்டையைப் பிளந்துருவேன்!"

"பிளந்துட்டுப் போடி! அவ பசியோட நிக்கிறா. தினமும் என் கனவுல வந்து வாயைத் திறந்து காட்டுறா!"

"உன் கனவுல யாருதான் வரல? போன மாசம் பிங்கோ நம்பர் வந்துச்சுன்ன. என்ன ஜெயிச்ச? ஒரு டோஸ்டர்!"

அக்கா மார்வினாவும் தங்கை டெல்ஃபீனும் சண்டை போட்டால் நம் பழங்குடி ரிசர்வின் கடைசி வீடு வரை கேட்கும். கேட்காதவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். அப்படி ஜன்னல் வழியாக வந்த கதைதான் இதுவும்... கதவைச் சாத்துங்கள், காற்று அடிக்கிறது.

இலை உதிர்கிற காலத்தில் செத்தவர்களுக்குத் தட்டு வைக்கிறோம் அல்லவா, சண்டை அதைப் பற்றித்தான். நெருப்பில் தட்டை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். நெருப்பு அடங்கும் வரை திரும்பக் கூடாது. சாப்பிடுகிறவர்களை உற்றுப் பார்ப்பது மரியாதையா என்ன? ஆனால் உயிரோடு இருக்கிறவர் பேரை மட்டும் அங்கே சொல்லவே கூடாது. சொன்னால் அவரும் வந்துவிடுவார்.

டெல்ஃபீனின் மகள் கோரலுக்கு வயது பத்தொன்பது. டவுன் மோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை, ராத்திரி ஷிஃப்ட். இந்த நெடுஞ்சாலையில் பஸ் ஏது? பெட்ரோல் பங்க் பக்கத்தில், போகிற வண்டியில் இடம் கேட்டுக் கட்டை விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். அதுதான் கடைசியாகப் பார்த்தது. போலீஸ்காரர், "காசு தீர்ந்தா வந்துருவா. உங்க பழங்குடிப் பொண்ணுங்க இப்படித்தானே?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். சண்டை வந்தபோது அது நடந்து இரண்டு வருஷம்.

கோரல் காணாமல் போனதிலிருந்து டெல்ஃபீன் ராத்திரி ராத்திரி அந்த ரோட்டில் ஓட்டினாள். ஓட்டை வேன்... பக்கத்து சீட்டில் ஒரு போர்வை, ஃபிளாஸ்க் நிறையச் சூடான தேநீர். யாராவது பெண் ரோட்டில் நின்றால் பிரேக் போடுவாள். இவள் கோரல் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விடுவாள். சம்பளம் முழுக்கப் பெட்ரோலுக்கே போயிற்று. அவளுக்கு டவுனில் ஆள் இருக்கிறான் என்றுகூடச் சிலர் பேசினார்கள். பேசியவர்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள், பேர் வேண்டாம்.

அந்தச் சண்டைக்குப் பிறகு டெல்ஃபீன் ஒரு காரியம் செய்தாள். நம்மில் யாரும் செய்யாத காரியம். மார்வினா சமைத்து வைத்ததிலிருந்தே ஒரு தட்டு எடுத்தாள். புகைபோட்ட சால்மன், பொரித்த ரொட்டி, ஒரு கரண்டி மீன் நெய், காட்டுப் பழம். தகரத் தட்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு வேனைக் கிளப்பினாள்.

"எங்கடி போற?"

"பார்த்துட்டு வரேன்."

"எதைப் பார்க்கப் போற?"

டெல்ஃபீன் வண்டியை நகர்த்தினாள். அவள் போட்ட கணக்கு இதுதான். கூப்பிட்டுப் பார்க்கலாம். சோறு போனால் மகள் இல்லை. சோறு அப்படியே கிடந்தால் எங்கேயோ இருக்கிறாள்... இரண்டில் ஒன்று தெரியாமல் இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது.

நள்ளிரவு தாண்டியிருந்தது. ஆற்றை ஒட்டி, லாரிகள் ஒதுங்குகிற ஜல்லித் தரை. ஒரு விளக்கு கிடையாது. ஆல்டர் விறகை அடுக்கிக் கொளுத்தினாள். தட்டை வைத்தாள். ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் நெருப்பு, அதற்கும் பின்னால் ஆறு.

"கோரல்..." என்று மெதுவாக ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். கூப்பிட்ட அதே மூச்சில், "வராதடி கண்ணு... வந்துடாத" என்றாள்.

விறகு வெடித்தது. மீன் நெய் பொரிகிற வாசனை. வேறொன்றும் இல்லை. நேரம் போகப் போக அவளுக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. இருக்கிறாள்! எங்கேயோ இருக்கிறாள்...

சரக்.

ஆற்றுப் பக்கம் ஜல்லியில் ஒரு காலடி. ஈரக் காலடி. சரக்... சரக்... நெருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சேற்று வாடை. டெல்ஃபீன் கையைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு இன்னொரு காலடி. அப்புறம் இன்னொன்று. இடது பக்கத்திலிருந்து, மரங்களுக்கு நடுவிலிருந்து, ரோட்டோரப் பள்ளத்திலிருந்து... வந்துகொண்டே இருந்தன. இருப்பதோ ஒரே தட்டு. கூப்பிட்டதும் ஒரே பேர். ஏன் இத்தனை பேர் என்பது அவளுக்குப் புரிந்தது. இந்த ரோடு நெடுக எந்த அம்மாவும் தட்டு வைக்கவில்லை. எல்லாருமே அவளைப் போல, மகள் வருவாள் வருவாள் என்று காத்திருக்கிறார்கள். எத்தனை வருஷப் பசியோ...

அப்போது வெளிச்சம் வந்தது. ஒரு வெள்ளை பிக்கப் வேகத்தைக் குறைத்து எதிரில் நின்றது. கண்ணாடி இறங்கியது. தொப்பி போட்ட ஆள், நடுவயது. மின்ட் மெல்லுகிற வாசனை.

"இந்த நேரத்துல தனியாவாம்மா நிக்கிற? ஏறிக்க, கொண்டு போய் விடுறேன்."

சிரித்த முகம். அந்தக் கண்கள் அவளைத் தாண்டிப் பின்னால் போயின. இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தன... ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று நகர்ந்தன. தெரிந்த முகங்களைப் பார்க்கிற மாதிரி. மெல்லுவது நின்றது. கடைசியில் ஒரு இடத்தில் கண்கள் குத்திட்டு நின்றன. சின்னப் பையன் குரலில் கேட்டான்:

"உனக்கு... இன்னும் ஈரம் காயலையா?"

அவளிடம் கேட்கவில்லை.

டயர் கிறீச்சிட வண்டி பறந்தது. நம்பரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியபோது சிவப்பு விளக்கு வளைவில் மறைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பினாள். யாரும் இல்லை. தகரத் தட்டு கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. சுற்றிலும் ஜல்லி நனைந்து கிடந்தது.

போலீஸில் போய்ச் சொன்னாள்.

"என்ன சொன்னான்னு சொன்னீங்க? ஈரமா? மழைக்காலம்தானேம்மா?"

"அவன் என்கிட்டப் பேசல சார். என் மககிட்டப் பேசினான்."

அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை என்று பேனாவை மூடினார். அதே பேனா.

நம் ஆட்கள்தான் படகெடுத்துக் கொக்கி போட்டு, பனி உறைகிற வரை ஆற்றை அலசினார்கள். ஒரு பெண் கிடைத்தாள். அது கோரல் இல்லை. கீழ்க்கரைக் கிராமத்துப் பெண், காணாமல் போய் ஏழு வருஷம். அவள் அம்மா வந்து டெல்ஃபீனைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள். நன்றி! அன்றைக்கு டெல்ஃபீன் தானே ஆற்றில் இறங்கப் பார்த்தாள். மார்வினாதான் முடியைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அந்தப் படகுக்காரர்களில் ஒருவரான கிளிஃபோர்டைத்தான் அடுத்த கோடையில் மார்வினா கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது பிரின்ஸ் ரூபர்ட் ஊரில் இருக்கிறார்கள். கல்யாணச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பது வேறு விஷயம்.

அவர்கள் போன பிறகு ஒரு சேதி வந்தது. நம் ஊர் பெவர்லியின் சித்தி மகள் தெற்கே, மழையே இல்லாத கம்லூப்ஸ் பக்கம் முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள். அங்கே வருகிற ஒருத்தி புதுக் கல்யாணக்காரி, மாப்பிள்ளை வடக்கு நெடுஞ்சாலைப் பக்கத்து ஆள். டெல்ஃபீன் நெருப்பு மூட்டிய அந்த மாதமே வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தெற்கே இறங்கிப் போனவன். தங்கமான மனுஷன், குடி கிடையாது, மின்ட்டைத் தவிர வாயில் எதுவும் போட மாட்டான் என்கிறாள் அவள். ஒரே ஒரு குறைதானாம். அவனுடைய வெள்ளை பிக்கப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு மட்டும் எத்தனை வெயிலில் போட்டாலும் காய்வதில்லை.

டெல்ஃபீன் மறுபடி போலீஸுக்குப் போனாள். "ஈர சீட்டுக்கெல்லாம் வாரண்ட் கிடைக்காதும்மா" என்றார்கள்.

வேனை விற்றாள். இப்போது அவனுடைய வீட்டுக்கு எதிரே மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். ஜன்னலை விட்டு நகர்வதில்லை. ஏனென்றால் அந்தப் புது மனைவிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த மகள் ஒருத்தி இருக்கிறாள், பதினாறு வயது. தினமும் காலையில் அதே பிக்கப்பில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவது அவன்தான்.

அந்தப் பெண் எப்போதும் பின் சீட்டில்தான் ஏறுவாளாம். முன்னால் வந்து உட்காரேன்டி என்று அம்மா அதட்டினால்...

"அந்த அக்கா எந்திரிக்க மாட்டேங்கிறாங்கம்மா" என்கிறாளாம்.