ஒரு மயிரிழை மேலே

ஹெட்போன்களை நானே துடைத்து வைப்பேன். ஒருவர் காது வியர்வை பட்டதை இன்னொருவர் மாட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. என் தங்கை கணவன் மட்டும் கவனிப்பான். "மச்சான் இடத்துல ஹெட்போன் கூட சோப்பு வாசனை அடிக்கும்" என்று போகிற இடமெல்லாம் சொல்வான். அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

ஆல்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கிட்டார், டபுள் பாஸ், டிரம்ஸ், மூன்றே பேர். எல்லோர் வாயிலும் நிற்கிற பழைய மெட்டுகளை ஜாஸ் பாணியில் புதிதாக வாசித்தார்கள். கிட்டார், மாப்பிள்ளை. பாஸ் வாசித்தவர் பகலில் கணக்கு டீச்சர். நாங்களும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். டிரம்ஸ்காரருக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தோம். பிரஷ்ஷால் தடவுவாரே தவிர அவர் அடித்து நான் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் பதிவு செய்ததெல்லாம் அழகாக இருந்தது. அதுதான் குறை. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகமாக, தன் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிற மாதிரி வாசித்தான். பழைய பாட்டு என்றால் கேட்கிறவனுக்கு எங்கேயாவது ஒரு முள் தைக்க வேண்டும். இவன் வாசிப்பில் முள்ளே இல்லை. சொல்லியும் பார்த்தேன். "உங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒரு குறை மச்சான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. சுருதி சரியா என்று முள் காட்டுகிற மீட்டரைத் தொட மாட்டான். மீட்டர் வைத்திருப்பவர்களைப் பார்த்தால், "இதுங்க கண்ணால கேக்கிற கூட்டம்" என்பான். டீச்சர் பாஸில் ஒரு சுரத்தைப் பிடித்துக் காட்டுவார். அதைக் கேட்டே தந்தியை முறுக்கிக்கொள்வான். அந்தக் கிட்டார் முதலில் என்னுடையது. கல்யாணத்துக்கு நான் கொடுத்தது. என் மடியில் பல வருஷம் இருந்தபோது பேசாத பேச்சையெல்லாம் அவன் மடிக்குப் போன அன்றே பேசியது. மனசாரத்தான் கொடுத்தேன். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழக்கூடாது என்பதற்காக மூவரும் தனித்தனி அறையில் இருப்பார்கள். மற்றவர் வாசிப்பதை ஹெட்போனில் நான் அனுப்பினால்தான் கேட்க முடியும். மாப்பிள்ளையின் ஹெட்போனில் மட்டும், டீச்சரின் பாஸ் சுருதியை ஒரு மயிரிழை மேலே ஏற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவனும் அதற்கேற்பத் தந்தியை முறுக்கினான். பாட்டு பாதி ஓடுவதற்குள் டீச்சர் நிறுத்தினார். "தம்பி, உங்க கிட்டார் கொஞ்சம் மேல நிக்குதே." அவன் சிரித்தான். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறை அவன் சிரிக்கவில்லை. சில நாள் சரியாகவே விட்டுவைப்பேன். தினமும் தப்பினால் மனிதன் இயந்திரத்தைச் சந்தேகிப்பான். எப்போதாவது தப்பினால் தன்னைத்தான் சந்தேகிப்பான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அவன் அப்பா பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவர். முதலில் அவர் காதுக்குச் சுருதி தப்பியது, பிறகு பிறர் பேச்சு மங்கியது, கடைசியில் மனைவி பக்கத்தில் நின்று அழுதால்கூட அவருக்குக் கேட்கவில்லை. தனக்கும் அது வந்துவிடுமோ என்ற பயத்தை மாப்பிள்ளை என் தங்கையிடமும் என்னிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததால்தான் ஒரு மயிரிழை போதுமானதாக இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஃபிரிட்ஜ் சத்தம் மாறிவிட்டது என்றான், அழைப்பு மணியின் சுருதி இறங்கிவிட்டது என்றான். தங்கை சொன்னதன் பேரில் நானே காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். காது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். காரில் ஏறியதும் கேட்டான்.

"நெஜமாத்தான் சொல்றாரா மச்சான்?"

"ஆரம்பத்துல அப்படித்தான் சொல்வாங்க மாப்ள. எதுக்குப் பயமுறுத்தணும்னு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன் என்பீர்கள். தொட்டிலை நன்றாகத்தான் ஆட்டினேன். மருந்துக் கடைக்குப் போனேன், விட்டமின் வாங்கிக் கொடுத்தேன், தங்கை அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு ஹெட்போனில் எல்லாவற்றையும் சரியாக வைத்து, பாட்டுகளை முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தோம். இப்போது அவன் மீட்டர் வைத்துச் சுருதி சேர்த்தான். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் தயங்கினான். பத்து வாசிக்கிற இடத்தில் இரண்டு வாசித்தான். அந்த இரண்டும் நடுங்கின. கேட்டவர்கள் உருகிப்போனார்கள். பத்திரிகையில் ஒருவர், சுரங்களுக்கு நடுவே இந்த மௌனங்களைத் துணிந்து வைத்தவர் பெரிய கலைஞர் என்று எழுதினார். டீச்சர்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க வாங்கினீங்க இதை அவர்கிட்டேருந்து?" என்றார். எனக்கு நிறைவாக இருந்தது. ஆல்பத்துக்காகச் செய்தது வீண்போகவில்லை.

மாப்பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டான். ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிறான். மகள் குளியலறையில் பாடினால் எழுந்து வெளியே போய்விடுகிறான். அவள் சுருதியில்தான் பாடுகிறாளா என்று தெரியாமல் கேட்கப் பிடிக்கவில்லையாம். குழந்தையும் இப்போது பாடுவதில்லை. ஆல்பத்தை அவன் வீட்டுக்குள் விட்டதே இல்லை.

போன மாதம் தங்கை வந்தாள்.

"அண்ணா, அவர் அந்த ஆல்பத்தை ஒரே ஒரு தடவை கேக்கணுமாம். அதுல எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு ஊரே சொல்லுது. தன் காதுக்கும் சரியாக் கேட்டா, டாக்டர் சொன்னதை நம்பிடறாராம். கிட்டாரை மறுபடி எடுக்கிறேன்னு சொல்றார்."

"கடையில வாங்காதே. நானே நல்ல பிரதியா கொண்டு வர்றேன்" என்றேன்.

அவனுக்காகத் தனியாக ஒரு பிரதி எடுத்தேன். அதில் டீச்சரின் பாஸ் மட்டும் ஒரு மயிரிழை மேலே. ஹெட்போனைத் துடைத்து நானே அவன் தலையில் மாட்டினேன். முதல் பாட்டு முடிவதற்குள் கழற்றிவிட்டான். அழவில்லை. உள்ளே போய்க் கிட்டாரைப் பெட்டியோடு எடுத்து வந்து என் காலடியில் வைத்தான்.

"உங்க பொருள் மச்சான். நீங்களாவது வாசிங்க."

தங்கை முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். எல்லாம் அந்த ஆல்பத்துக்காகத்தான். கிட்டார் இப்போது என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, தினமும் வாசிக்கிறேன். மீட்டர் வைத்துத்தான் சுருதி சேர்க்கிறேன், என் காதுக்குச் சுருதி என்றைக்குமே பிடிபட்டதில்லை.